ஐந்து வாட் சண்டை

கல்யாண மண்டபத்தில் கவனித்திருப்பீர்கள். காலை ஐந்தரை மணிக்கு எல்லோரும் சாதாரணக் குரலில்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆறரைக்குக் கூட்டம் சேரும். பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வது காதில் விழாது. கொஞ்சம் சத்தமாகப் பேசுவீர்கள். உங்கள் சத்தத்தால் பின் வரிசைக்காரருக்குக் கேட்காது. அவர் இன்னும் சத்தமாகப் பேசுவார். முகூர்த்த நேரத்தில் பார்த்தால் அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது.

இந்த நேரத்தில் ஒருத்தர் எழுந்து, "எல்லாரும் கொஞ்சம் மெதுவாப் பேசினா எல்லாருக்கும் கேக்குமே" என்று சொன்னால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. அவர் சொன்னதே யார் காதிலும் விழுந்திருக்காது.

1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹாரி ப்ளூம்க்விஸ்ட் என்கிற மனிதர் அப்படித்தான் எழுந்து நின்றார். மண்டபம் மட்டும் கொஞ்சம் பெரிசு. வானம்.

ஹாம் ரேடியோ தெரியுமல்லவா? சொந்தமாக ஒரு வானொலி நிலையம் வைத்துக்கொண்டு, சர்க்கார் நடத்தும் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, உலகத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் இன்னொரு ஆசாமியுடன் பேசுவது. காசு வாங்கக் கூடாது. வியாபாரம் கூடாது. சும்மா ஒரு ஆர்வம். நம் ராஜீவ் காந்திகூட ஒரு ஹாம்தான். விமானம் ஓட்டுவது போலவே இதிலும் அவருக்கு ஒரு கிறுக்கு. வியூ2ஆர்ஜி என்பது அவருடைய அழைப்புக்குறி. லைசென்ஸ் வாங்கிய ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு குறி உண்டு. காற்றில் அதுதான் பெயர்.

ப்ளூம்க்விஸ்டின் பெயர் கே6ஜேஎஸ்எஸ்.

அவருடைய வருத்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஐம்பது வருடம் பின்னால் போகவேண்டும். 1912இல் அமெரிக்க அரசு வானொலிக்கு ஒரு சட்டம் போட்டது. டைட்டானிக் மூழ்கிய அதே வருடம். கடற்படைக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் நல்ல அலைவரிசைகளையெல்லாம் கொடுத்துவிட்டு, பொழுதுபோக்குக்காரர்களை 200 மீட்டருக்குக் கீழே துரத்திவிட்டார்கள். அந்தச் சிற்றலைகள் எதற்கும் உதவாது, அங்கே கிடந்து ஒழியட்டும் என்பது அன்றைய நிபுணர்களின் கணிப்பு. அதிகபட்ச சக்தி ஒரு கிலோவாட். அதாவது ஆயிரம் வாட்.

உதவாது என்று தள்ளிவிட்ட இடத்தில்தான் புதையல் இருந்தது. சிற்றலை மேலே போய், பூமியைச் சுற்றியிருக்கும் மின்னேற்றம் பெற்ற காற்று மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல் தாண்டிப் போய் விழுகிறது. 1920களில் ஹாம்கள் அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். 1924 அக்டோபரில் லண்டன் மில் ஹில் பள்ளி மாணவன் ஒருவன் நியூசிலாந்துடன் பேசினான். கிட்டத்தட்ட பூமிக்கு அந்தப் பக்கம்.

அப்புறம் சும்மா இருப்பார்களா? எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். 1960 வாக்கில் அமெரிக்காவில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் லைசென்ஸ். ஆனால் ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையோ சில சந்துகள்தான். ஒரு சந்தில் ஆயிரம் பேர் நின்று பேசினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

ஒருவர் குரல் இன்னொருவர் குரலின் மேல் ஏறி விழும். உடனே அவர் என்ன செய்வார்? கடைக்குப் போய் ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்குவார். நூறு வாட் ஐநூறாகும். ஐநூறு ஆயிரமாகும். அவருக்குக் கேட்கும், ஒரு மாதத்துக்கு. அதற்குள் மற்றவர்களும் வாங்கியிருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் இதை அனுமதிக்கவே இல்லை. 1934இல் வந்த அமெரிக்கத் தகவல்தொடர்புச் சட்டம், பேச்சு நடக்க எவ்வளவு குறைந்த சக்தி தேவையோ அவ்வளவைத்தான் பயன்படுத்தவேண்டும் என்று சொல்கிறது. ஆயிரம் வாட் என்பது உச்சவரம்பு. அதற்குமேல் போகாதே என்று அர்த்தம். அதுவரைக்கும் போ என்று அர்த்தமில்லை. ஆனால் சாலையில் '60 கி.மீ.' என்று பலகை வைத்தால் நாம் எப்படிப் படிப்போம்? அப்படித்தான் அவர்களும் படித்தார்கள்.

இப்போது ப்ளூம்க்விஸ்ட் வருகிறார்.

தந்திக்காரர்களுக்கு ஒரு சுருக்கெழுத்து பாஷை உண்டு. எல்லாம் 'க்யூ'வில் ஆரம்பிக்கும் மூன்றெழுத்துகள். க்யூ.ஆர்.எம். என்றால் இடையூறு. க்யூ.ஆர்.ஓ. என்றால் சக்தியைக் கூட்டு. க்யூ.ஆர்.பி. என்றால் சக்தியைக் குறை. இந்தக் கடைசி மூன்று எழுத்தையே தன் சங்கத்துக்குப் பெயராக வைத்தார். க்யூ.ஆர்.பி. அமெச்சூர் ரேடியோ கிளப் இன்டர்நேஷனல்.

விதி ரொம்ப எளிமை. உறுப்பினர்கள் நூறு வாட்டுக்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான்.

நூறு வாட் என்பதைக் கவனியுங்கள். இந்த எண்ணில்தான் பின்னால் வரப்போகிற அத்தனை சண்டையும் ஒளிந்திருக்கிறது. ப்ளூம்க்விஸ்ட் கேட்டது தவம் அல்ல. வீரதீரமும் அல்ல. வெறும் நாகரிகம். 'ஆயிரம் வேண்டாம், நூறு போதுமே. எல்லோரும் குறைத்துக்கொண்டால் எல்லோருக்கும் கேட்கும்' என்பதுதான் அவர் கட்சி. மண்டபத்தில் மெதுவாகப் பேசச் சொன்னார். மௌன விரதம் இருக்கச் சொல்லவில்லை.

அவர் பக்கம் கணக்கு பலமாக இருந்தது. ஆயிரம் வாட்டிலிருந்து நூறுக்கு இறங்கினால் எதிர்முனைக்காரருக்குப் பத்தில் ஒரு பங்குதான் கேட்கும் என்று நினைப்போம். இல்லை. வானொலிப் பெட்டியில் குரலின் பலத்தைக் காட்ட ஒரு முள் உண்டு. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டிருக்கும். அந்த முள் ஒரு எண் ஏறவேண்டுமென்றால் சக்தியை நான்கு மடங்கு ஆக்கவேண்டும். ஆக, பத்து மடங்கு குறைத்தாலும் முள் இரண்டு எண்கூட முழுசாக இறங்காது. ஒன்பதில் இருந்தது ஏழைத் தாண்டி நிற்கும். பேச்சு தாராளமாகப் புரியும். மிச்சம் தொள்ளாயிரம் வாட் எதற்கு? பக்கத்திலிருப்பவர் காதைக் கிழிக்க.

இன்னொரு உதாரணமும் கண்ணெதிரே இருந்தது. நான்கு வருடம் முன்னால்தான், 1957 அக்டோபரில், ரஷ்யாவின் ஸ்புட்னிக் வானத்தில் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டு சுற்றியது. உலகம் முழுக்க ஹாம்கள் அதைத் தங்கள் பெட்டியில் கேட்டார்கள். அதன் சக்தி எவ்வளவு? ஒரே ஒரு வாட்.

சரி, கணக்கைச் சொன்னார். உதாரணம் இருந்தது. சட்டமும் அவர் பக்கம். எத்தனை பேர் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவைத்தார்கள்?

யாரும் கேட்கவில்லை. ஏற்கெனவே நூறு வாட்டுக்குள் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் வந்து சேர்ந்தார்கள். அதில் ஆச்சரியமும் இல்லை. 1951இலிருந்தே அமெரிக்காவில் புதுசாக வருகிறவர்களுக்கு ஒரு கத்துக்குட்டி லைசென்ஸ் இருந்தது. அவர்களுக்கு வரம்பே 75 வாட். சட்டமே குறைத்து வைத்திருந்தது. பெரிய பெட்டி வாங்கக் காசில்லாதவர்கள், வாடகை வீட்டுக்காரர்கள், பக்கத்து வீட்டு டி.வி.யில் கோடு விழுந்து திட்டு வாங்கியவர்கள், இவர்களெல்லாம் எப்படியும் சின்னப் பெட்டிக்காரர்கள்தான். ஆயிரம் வாட்காரர் ஆயிரத்திலேயே இருந்தார்.

மனம் மாற்ற ஆரம்பித்த சங்கத்தில், மாறவேண்டியவர்களைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்!

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு புதிய பாத்திரம் நுழைகிறது. டிரான்ஸிஸ்டர்.

வால்வு காலத்தில் ஒரு வாட், இரண்டு வாட் பெட்டி செய்வதில் அர்த்தமே இல்லை. வால்வின் இழையைச் சூடாக்கவே அதைவிட அதிக மின்சாரம் தேவைப்படும். டிரான்ஸிஸ்டர் வந்ததும் நிலைமை தலைகீழ். சின்ன பேட்டரி போதும். பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கும். கூடாரத்தில் உட்கார்ந்து, மலையுச்சியில் மரக்கிளையில் கம்பியைக் கட்டி, இரண்டு வாட்டில் இன்னொரு கண்டத்தை எட்டிப் பிடிக்கலாம். 1970இல் அலாஸ்காவிலிருந்து ஓரிகன் வரைக்கும், சுமார் 1650 மைல், ஒரே ஒரு மைக்ரோவாட்டில் செய்தி போனது. வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

இதை அனுபவித்தவர்களுக்கு நூறு வாட் எப்படித் தெரியும்? ராட்சசன் மாதிரித் தெரியும்.

சங்கத்துக்குள் கேள்வி கிளம்பிவிட்டது. 'நூறு வாட்டுக்குக் குறைந்த சக்தி என்று பெயரா? கடையில் வாங்குகிற சாதாரணப் பெட்டியே நூறு வாட்தான் தருகிறது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயர் வாங்காத ஒவ்வொருவரும் நம் உறுப்பினரா? சும்மா இருப்பதற்கு ஒரு சங்கமா?'

நியாயமான கேள்வி. இவர்கள் தங்களை வேறுபடுத்திக் காட்ட க்யூ.ஆர்.பி.க்குப் பின்னால் இன்னொரு சின்ன 'பி'யைச் சேர்த்துக்கொண்டார்கள். குறைவிலும் குறைவு என்று பொருள். ஐந்து வாட், அதற்கும் கீழே. ஏட்ரியன் வைஸ் என்பவர் இவர்களுக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். அதன் பெயரே 'மில்லிவாட்'. ஹீத்கிட் என்ற பிரபல கம்பெனி 1972இல் ஹெச்டபிள்யூ-7 என்று ஒரு சின்னப் பெட்டியைப் பாகம் பாகமாகக் கொடுத்து, நீயே சேர்த்துக்கொள் என்று விற்றது. சங்கமும் 'ஒரு வாட்டுக்கு ஆயிரம் மைல்' என்று ஒரு விருது வைத்தது. ஐந்து வாட் என்றால் ஐயாயிரம் மைல் தொடவேண்டும். தூரம் போகமுடியவில்லையா? வாட்டைக் குறை. அதுவும் ஒரு வழி!

இப்போது இரண்டு கட்சி.

பழைய கட்சியின் வாதம் இப்படிப் போகும்: 'நாம் எதற்காகக் கூடினோம்? வானத்தில் நெரிசலைக் குறைக்க. நூறு என்றால் சாதாரண மனிதன் வருவான். ஐந்து என்று சொன்னால் பயந்து ஓடிவிடுவான். கடைசியில் நாம் நூறு பேர் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டிருப்போம். ஆயிரம் வாட்காரன் நிம்மதியாகக் கத்துவான். இது சீர்திருத்தமா, சர்க்கஸா?'

புதிய கட்சி திருப்பிக் கேட்டது: 'இத்தனை வருஷம் உபதேசம் பண்ணி யார் திருந்தினான்? ஊரைத் திருத்த முடியாது. நாம் சந்தோஷமாக ஒன்றைச் செய்து காட்டலாம். ஐந்து வாட்டில் ஆஸ்திரேலியாவை எட்டியவனைப் பார்த்தால், ஆயிரம் வாட்காரனுக்குத் தானாக வெட்கம் வரும். வராவிட்டால் போகட்டும். நமக்குக் கற்றுக்கொள்ளக் கிடைக்கிறதல்லவா?'

இரண்டு பக்கமும் உண்மை இருந்தது என்பதுதான் சிக்கல். ஒன்று, பொதுநலம். இன்னொன்று, கலை. ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே இரண்டும் உட்கார்ந்திருந்தன.

நம் ஊரில் பஜனை மடத்திலும் கிரிக்கெட் கிளப்பிலும் நூலகச் சங்கத்திலும் இதே சண்டையைப் பார்த்திருக்கலாம். எல்லோரையும் வரவழைக்கத்தானே ஆரம்பித்தோம் என்பார் ஒருவர். வந்தவர்கள் நன்றாகப் பாடவேண்டாமா என்பார் இன்னொருவர். இருவரும் சங்கத்தை நேசிப்பவர்கள். அதனால்தான் சண்டை இத்தனை காரமாக இருக்கிறது. அக்கறையில்லாதவன் சந்தா கட்டாமல் நின்றுவிடுவான். சண்டைக்கு வரமாட்டான்.

முடிவு? ஐந்து வாட் கட்சி ஜெயித்தது. சங்கம் தன் வரம்பை மாற்றிக்கொண்டது. தந்திக்கு ஐந்து வாட், குரலுக்குப் பத்து வாட். இன்று உலகத்தில் எந்த ஹாமிடம் க்யூ.ஆர்.பி. என்று சொன்னாலும் ஐந்து வாட் என்றுதான் புரிந்துகொள்வார். ப்ளூம்க்விஸ்டின் நூறு வாட்டை ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு.

இங்கிலாந்தில் இந்தத் தகராறே இல்லை. 1974இல் ஜார்ஜ் டாப்ஸ் என்ற பாதிரியார் அங்கே ஜி-க்யூ.ஆர்.பி. கிளப்பை ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாளில் சால்டரிங் அயர்ன். அவர் நடத்திய பத்திரிகைக்கு 'ஸ்ப்ராட்' என்று பெயர். சின்னஞ்சிறு மீன் ஒன்றின் பெயர் அது. குறைவாக வைத்துக்கொண்டு நிறைவாக வாழ்வது என்பது ஒரு பாதிரியாருக்குப் புதிதாகச் சொல்லித்தரவேண்டிய விஷயமா என்ன? அவருடைய சங்கம் யாரையும் திருத்தக் கிளம்பவில்லை. செய்து பார், செய்ததை எழுது, எழுதியதைப் பகிர்ந்துகொள். அவ்வளவுதான். டாப்ஸ் 2019இல் காலமானார். பத்திரிகை அவரோடு நின்றுவிடவில்லை.

சரி, ஐந்து வாட் என்று முடிவாகிவிட்டது. சண்டை ஓய்ந்ததா?

ஓயுமா? ஐந்து வாட் என்றால் உள்ளே போகிற மின்சாரமா, வெளியே வருகிற அலையா? வெளியே வருவது என்று தீர்ப்பு ஆயிற்று. ஒருவர் நூறடி கோபுரம் கட்டி, மேலே ராட்சச ஆன்டெனா வைத்து, அதில் ஐந்து வாட் அனுப்புகிறார். இன்னொருவர் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கம்பியைக் கட்டி அதே ஐந்து வாட் அனுப்புகிறார். இருவரும் ஒன்றா? அழைப்புக்குறிக்குப் பின்னால் க்யூ.ஆர்.பி. என்று சேர்த்துச் சொல்லலாமா? அது அடக்கமா, தம்பட்டமா? கடையில் வாங்கிய பெட்டியில் பேசுகிறவன் நம்மவனா, தானே செய்தவன்தான் நம்மவனா? தங்களுக்கென்று சில அலைவரிசைகளைப் பேசிவைத்துக்கொண்டு அங்கேயே கூடினார்கள். 14,060 கிலோஹெர்ட்ஸ் ஒரு உதாரணம். தனிக் காலனி கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால் ஊருக்கு எப்படி வழிகாட்டுவது என்று அதற்கும் ஒரு முணுமுணுப்பு. போதாததற்குப் போட்டி வேறு நடத்தினார்கள். நெரிசலைக் குறைக்கப் பிறந்த சங்கம் போட்டி வைத்தால், அந்த நாளில் என்ன ஆகும்? நெரிசல்தான்!

வெளியிலிருந்த ஆயிரம் வாட்காரர்கள் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். குறைந்த சக்தியில் போராட வாழ்க்கை ரொம்பச் சின்னது என்பது ஹாம்களிடையே இன்றும் புழங்கும் கிண்டல்.

ஆனால் இந்தச் சர்க்கஸ்காரர்கள் செய்த காரியம் ஒன்றை மறக்கக் கூடாது.

1976 மே மாதம். அமெரிக்க ஹாம் சங்கத்தின் 'க்யூ.எஸ்.டி.' பத்திரிகையில் டக் டிமா என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். மீன் அடைத்து விற்கும் டின் இருக்கிறதல்லவா, அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, மேலே இரண்டே இரண்டு டிரான்ஸிஸ்டர் போட்டு ஒரு டிரான்ஸ்மிட்டர். பெயர் 'டூனா டின் 2'. சக்தி அரை வாட்கூட இல்லை. கடைகளில் பளபள பெட்டிகள் வந்து, ஹாம் என்றாலே பணம் கொடுத்து வாங்குகிறவன் என்று ஆகிக்கொண்டிருந்த காலம். அந்த டின் நிறையப் பேரை மறுபடி சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கவைத்தது. டிமா செய்த அசல் டின் எங்கோ தொலைந்து, வருடங்கள் கழித்துப் பழைய சாமான் சந்தையில் ஒரு மேசைக்கு அடியில் கிடைத்தது. சரிசெய்து மறுபடி காற்றில் ஏற்றினார்கள்.

1993இல் கலிபோர்னியாவில் நார்கால் என்று ஒரு க்யூ.ஆர்.பி. சங்கம் ஆரம்பமானது. அவர்களுக்காக வேய்ன் பர்டிக் என்பவர் நார்கால்-40 என்று ஒரு சின்னப் பெட்டியை வடிவமைத்தார். பாகங்களை வாங்கி நாமே கோக்கவேண்டியது. இதன் அடுத்த வடிவத்தை கால்டெக் எடுத்துக்கொண்டது. நோபல் பரிசுக்காரர்கள் நடமாடுகிற அதே கால்டெக்! பேராசிரியர் டேவிட் ரட்லெட்ஜ் அந்தப் பெட்டியை வைத்தே மாணவர்களுக்கு மின்னணுவியல் பாடம் நடத்தினார். 1999இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். ஒவ்வொரு அத்தியாயத்திலும் பெட்டியின் ஒரு பகுதி உயிர்பெறும். புத்தகம் முடியும்போது மாணவன் கையில் ஒரு வானொலி நிலையம்.

நூறு வாட் வரம்போடு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? சந்தேகம்தான். நூறு வாட்டை யாரும் மீன் டின்னில் செய்யமுடியாது.

அப்படியானால் பழைய கட்சி தோற்றதா?

பொறுங்கள். 1993இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர்களில் ஒருவர் ஜோ டெய்லர். அவரும் ஹாம். வானத்தின் எங்கோ மூலையிலிருந்து வரும் மெல்லிய துடிப்புகளைத் தேடியே வாழ்நாளைக் கழித்தவர். அந்த வித்தையை ஹாம் ரேடியோவுக்குக் கொண்டுவந்தார். 2008இல் விஸ்பர் என்று ஒரு மென்பொருள். பெயரே கிசுகிசுப்பு. 2017இல் ஸ்டீவ் ஃப்ராங்க்கேயுடன் சேர்ந்து எஃப்டி8. மனிதக் காதுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்பதற்குள் புதைந்திருக்கும் செய்தியைக் கம்ப்யூட்டர் தோண்டி எடுத்துவிடும். ஐந்து வாட் இருந்தாலே கண்டம் தாண்டலாம். மில்லிவாட்டுகளில்கூட!

ப்ளூம்க்விஸ்ட் கேட்டது கிடைத்துவிட்டது. இனி யாருக்கும் கத்தவேண்டிய அவசியமே இல்லை.

என்ன நடந்தது தெரியுமா? ஐந்து வாட் கட்சிக்காரர்களில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் கேட்டுச் சொன்னால் அதில் நம் காதுக்கு என்ன திறமை, இது எப்படி க்யூ.ஆர்.பி. ஆகும் என்றார்கள். இன்னொரு பக்கம், ஐந்து வாட்டுக்கே போகும் எஃப்டி8ஐ நூறு வாட்டிலும் அதற்கு மேலும் போட்டுத் தள்ளுகிறவர்கள் வந்துவிட்டார்கள். எனக்கு முதலில் பதில் வரவேண்டாமா என்பது அவர்கள் நியாயம். ஒருவர் கூட்டினால் அடுத்தவரும் கூட்டுவார் அல்லவா? அதேதான். அதே மண்டபம். நாற்காலி மட்டும் புதுசு.

ஆக, எந்திரம் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் ப்ளூம்க்விஸ்டின் பிரச்னை தீரவில்லை. அவர் கேட்டது எந்திரத்தைப் பார்த்து அல்ல. எனக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று ஒவ்வொருவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார். அதற்கு அவர் வைத்த நூறு என்கிற எண் தப்பாக இருந்திருக்கலாம். பின்னால் வந்தவர்கள் எண்ணைத் திருத்தினார்கள். கேள்வியைத் தங்கள் அளவில் வைத்துக்கொண்டு, ஊரை விட்டுவிட்டார்கள். அதனால் சங்கம் பிழைத்தது, வித்தை வளர்ந்தது, நெரிசல் நெரிசலாகவே இருக்கிறது.

ப்ளூம்க்விஸ்டின் அழைப்புக்குறியை அவருடைய சங்கமே தனக்கு வாங்கிவைத்துக்கொண்டிருக்கிறது. இன்றும் விசேஷ நாள்களில் கே6ஜேஎஸ்எஸ் என்று காற்றில் ஒரு மெல்லிய குரல் கேட்கும்.

ஐந்து வாட்டில்தான். நீங்கள் கொஞ்சம் சத்தத்தைக் குறைத்தால் கேட்கும்.